சாம்பலைத் தோண்டி நட்ட கொடி



பயணம் என்றதும் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சுற்றுலா அல்ல. கையில் அகப்பட்டதை மூட்டையாகக் கட்டி, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்த நடைதான். அதனால்தான் இந்தப் பக்கத்தில் மாதம் ஒரு தடவை வேறு விதமான பயணம் போகிறோம். இதில் மூட்டையும் இல்லை, செலவும் இல்லை. விரும்பிய இடத்தில் நிற்கலாம். அலுத்தால் வீட்டுக்குத் திரும்பலாம்.

இம்மாதம் நாம் போவது லன்சரோட்டே என்ற தீவுக்கு. ஸ்பெயின் நாட்டின் கனரித் தீவுகளில் இதுவும் ஒன்று. ஆனால் இருப்பது ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீற்றர் தூரத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தில். பரப்பளவு சுமார் 845 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தை விடச் சற்றுச் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர்தான். விமான நிலையத்தில் ஒரு வாடகைக் கார் எடுத்தால் மூன்று நாட்களில் ஆறுதலாகச் சுற்றிவிடலாம். அங்கே வாகனம் ஓடுவது வீதியின் வலது பக்கத்தில். அதை மட்டும் மறக்கக் கூடாது.

வெயிலுக்கும் கடலுக்குமாக இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் இங்கே விடுமுறைக்கு வருகிறார்கள். நாம் வந்திருப்பது வேறொன்றைப் பார்க்க. வீடும் வயலும் சாம்பலுக்குள் புதைந்துபோன மக்கள், அந்தச் சாம்பலை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்க.

முதல் நாள்: நெருப்பு மலைகள்

தெற்கே யாய்சா என்ற ஊரை நோக்கிப் போவோம். வெள்ளைச் சுவரும் பச்சைக் கதவுமாகச் சிறிய வீடுகள். 1730ஆம் ஆண்டில் இந்த ஊரின் பங்குக் குருவாக இருந்தவர் அந்திரேஸ் லொரென்சோ குர்பெலோ. நடந்ததையெல்லாம் அவர் நாட்குறிப்பாக எழுதி வைத்தபடியால்தான் இன்று எமக்கு விபரம் தெரிகிறது.

1730 செப்ரெம்பர் 1ஆம் திகதி, இரவு ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், திமன்பாயா என்ற கிராமத்தின் அருகே நிலம் பிளந்தது. நெருப்பு எழுந்தது. கற்குழம்பு ஊர்களுக்குள் ஓடியது. சாம்பல் மழையாகக் கொட்டியது. நச்சுப் புகையில் மாடுகள் மூச்சுத் திணறி விழுந்தன. ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும் என்றுதான் சனங்கள் நினைத்திருப்பார்கள். ஓயவில்லை. 1736 ஏப்ரல் வரை, ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல், விட்டு விட்டு எரிந்தது. தீவின் ஏறத்தாழ கால்வாசி நிலம் மூடப்பட்டது. அது அதுவரை தானியம் விளைந்த நல்ல நிலம். பலர் படகேறி அயல் தீவுகளுக்குப் போனார்கள். 1731 டிசெம்பரில் குருவானவரும் தம் மக்களோடு கிரான் கனரியா தீவுக்குப் போக முடிவெடுத்தார். அத்தோடு அவர் குறிப்பும் நின்றுவிடுகிறது.

யாய்சாவிலிருந்து வடக்கே போகும் வீதி இந்தக் கற்குழம்பு வெளிக்கு நடுவாகத்தான் செல்கிறது. இரு பக்கமும் உழுதுபோட்ட கருங்கல் போன்ற தரை. மரமில்லை, புல்லில்லை. 1974இல் இப்பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். உள்ளே ஓரிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் பூங்காவின் பஸ்ஸில் ஏற வேண்டும். கண்டபடி நடந்து திரிய விடமாட்டார்கள். ஒரு காலடி பட்டாலும் அந்தத் தரையில் அடையாளம் நெடுங்காலம் அழியாது. பூங்கா ஊழியர் நிலத்திலுள்ள குழாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். அடுத்த கணம் அது பெரும் சத்தத்தோடு நீராவியாக மேலே பாயும். இன்னொரு குழியில் காய்ந்த செடியைப் போட்டால் தானாகத் தீப்பற்றும். அருகிலுள்ள உணவுச்சாலையில் நிலத்தின் சூட்டிலேயே இறைச்சி வாட்டுகிறார்கள். ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகியும் அடியில் சூடு தணியவில்லை.

இரண்டாம் நாள்: குழிக்குள் ஒரு கொடி

இன்று காரை லா ஹேரியா பள்ளத்தாக்குப் பக்கம் திருப்புவோம். மலைச்சரிவு முழுவதும் கறுப்பு. அதில் ஆயிரக்கணக்கான வட்டக் குழிகள். ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் பிறை வடிவில் கல் அடுக்கிய சிறு சுவர். குழிக்குள் எட்டிப் பார்த்தால் பச்சைப் பசேலென்று ஒரேயொரு முந்திரிகைக் கொடி!

சாம்பல் விழுந்த இடங்களில் மக்கள் திரும்பி வந்து தோண்டினார்கள். சில இடங்களில் ஆளின் உயரத்துக்கும் மேலாகத் தோண்டியபோது பழைய மண் தென்பட்டது. அந்த மண்ணில் கொடியை நட்டார்கள். தோண்டியதை மீண்டும் நிரப்பவில்லை. குழியைக் குழியாகவே விட்டு, காற்று வரும் பக்கத்தில் சுவர் எழுப்பினார்கள்.

ஒரு புதினம் என்னவென்றால், அழித்த சாம்பலே பிறகு தோட்டத்தைக் காத்தது. இந்தத் தீவில் மழை மிகவும் குறைவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 150 மில்லிமீற்றர். எங்கள் வரண்ட வன்னியிலும் இதைப்போலப் பல மடங்கு பெய்யும். ஆனால் எரிமலைச் சாம்பல் என்பது அடுப்புச் சாம்பல் போன்ற தூள் அல்ல. கடலை அளவில் நுண்துளைகள் நிறைந்த கரிய கற்கள். இரவில் கடற்காற்றின் ஈரத்தையும் பனியையும் அவை பிடித்து மண்ணுக்கு இறக்கும். பகலில் மண்ணிலுள்ள ஈரம் வெயிலில் போகாமல் மூடி வைக்கும். நாங்கள் கத்தரிக் கன்றைச் சுற்றி வைக்கோல் பரப்புவது போலத்தான்.

இதைக் கண்டபின், சாம்பல் விழாத ஊர்களில் இருந்தவர்களும் ஒட்டகத்தில் சாம்பல் ஏற்றிப்போய்த் தங்கள் வயல்களில் பரப்பினார்கள்! வெங்காயமும் பயறு வகைகளும் அப்படி விளைந்தன. வடக்கிலிருந்து கடல்மணல் அடித்து வரும் பகுதியில் வத்தாளங்கிழங்கு நட்டார்கள்.

ஆனால் எல்லா நிலமும் மீளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாம்பல் விழுந்த இடத்தைத் தோண்ட முடிந்தது. கற்குழம்பு ஓடி இறுகிய இடத்தில் மண்வெட்டி இறங்காது. திமன்பாயா கிராமம் திரும்ப வரவேயில்லை. பெயர் மட்டும் பூங்காவுக்கு எஞ்சியது.

கரையோரம் இறங்கினால் ஹனூபியோ உப்பளம். முன்பு கடல் உள்ளே வந்துபோன குடா அது. கற்குழம்பு வாயை மறித்ததால் ஏரியாகிவிட்டது. 1895இல் அங்கே உப்பு விளைவிக்கத் தொடங்கினார்கள். மீன் பதனிட அந்த உப்புப் போனது. மூடிய குடாவுக்கும் ஒரு பயன் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அந்த ஊர்க் கறி ஒன்று. சிறிய உருளைக்கிழங்குகளைத் தோலோடு, நிறைய உப்புப் போட்டு அவித்து, தண்ணீரை வடித்து, தோல் சுருங்கும்வரை சட்டியில் வாட்டுவார்கள். செத்தல் மிளகாய், உள்ளி, நற்சீரகம், உப்பு, வினாகிரி, எண்ணெய் சேர்த்து அரைத்த சம்பலோடு உண்பார்கள். வீட்டில் செய்து பாருங்கள். பிள்ளைகள் விரும்புவார்கள்.

மூன்றாம் நாள்: வடக்கே

வடக்கே போகும் வழியில் குவாத்திசா என்ற ஊரில் கள்ளிச் செடித் தோட்டங்கள். அந்தக் கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியை உலர்த்திச் சிவப்புச் சாயம் எடுப்பார்கள். உதட்டுச் சாயத்துக்கும் அது பயன்படும். முள்ளுக்குள் கைவிட்டுப் பூச்சியைச் சுரண்டி எடுக்கும் வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாயம் வந்ததும் விலை விழுந்தது.

இன்னும் வடக்கே, எரிமலைக் குழம்பு ஓடிய வழியில் உண்டான நீண்ட குகை ஒன்று இருக்கிறது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் கடற்கொள்ளையர் வந்து ஆட்களை அடிமைகளாகப் பிடித்துப்போன காலத்தில் சனங்கள் அதற்குள் ஒளித்தார்கள். 1618இல் வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றார்கள். பதுங்கு குழிக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்களுக்கு நான் மேலும் விளக்கத் தேவையில்லை. இன்று அதே குகைக்குள் விளக்குப் போட்டு இசை நிகழ்ச்சி நடத்துகிறார்கள்.

அருகிலேயே ஹமேயோஸ் என்ற குகை. அதன் ஏரியில் ஒரு சென்ரிமீற்றர் அளவில் கண் தெரியாத வெள்ளை நண்டுகள் வாழ்கின்றன. தண்ணீருக்குள் காசு எறிய வேண்டாம் என்பார்கள். உலோகம் கரைந்தால் நண்டு செத்துவிடும்.

இந்த இடத்தை மக்கள் பார்க்கும்படி அமைத்தவர் சேசர் மன்ரிக்கே என்ற ஓவியர். 1919இல் இத்தீவில் பிறந்தவர். இளைஞனாக ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் போர்முனையில் நின்றவர். 1939இல் வீடு திரும்பியதும் தன் சீருடையைக் கழற்றி எரித்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பின்னர் நியூயோர்க் வரை போய்ப் பெயர் எடுத்துவிட்டு, 1966இல் ஊருக்குத் திரும்பினார். உயர்ந்த ஹோட்டல் கட்டிடங்களும் வீதியோர விளம்பரப் பலகைகளும் வேண்டாம் என்று விடாமல் வாதாடினார். வட முனையில் பீரங்கி வைத்திருந்த ஒரு குன்றில், கடலைப் பார்க்கும் பெரிய ஜன்னல்களோடு ஓர் இருப்பிடம் அமைத்தார். 1973இலிருந்து மக்கள் அங்கே தேநீர் குடிக்கிறார்கள். 1992இல் தன் பழைய வீட்டுக்கு அருகே ஒரு கார் விபத்தில் அவர் இறந்தார். நாமும் மெதுவாகவே ஓடுவோம்.

பயணம் முடியுமுன் இரண்டு விடயங்கள்.

முதலாவது, இந்தத் தீவுகளின் கதை முடிந்துவிடவில்லை. இதே தீவுக் கூட்டத்திலுள்ள லா பல்மா தீவில் 2021 செப்ரெம்பர் 19இல் எரிமலை வெடித்து 85 நாட்கள் எரிந்தது. ஏறத்தாழ 7,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் போயின. அது போதாதென்று உல்லாசப் பயணிகளின் பெருக்கத்தால் வீட்டு வாடகை ஏறி, உள்ளூர்ச் சனங்களுக்கு இருக்க இடம் கிடைப்பது கடினமாகிவிட்டது. 2024 ஏப்ரல் 20இல் பல்லாயிரம் பேர் வீதியில் இறங்கி, இதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று கேட்டார்கள். அழகான ஊரில் இருப்பவர்களுக்கும் தங்கள் நிலத்துக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, "அவர்கள் எழும்பிவிட்டார்கள், நீங்களும் நடந்ததை மறந்து எழும்புங்கள்" என்று சொல்ல நான் உங்களை இங்கே கூட்டி வரவில்லை. எரிமலையிடம் கணக்குக் கேட்க முடியாது. போர் மனிதர் செய்தது. அதற்குப் பதில் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு, கேட்டுக்கொண்டே இருப்போம். அவர்கள் நினைத்த இடத்தில் தோண்டினார்கள். நாங்கள் மீள்குடியேறிய காலத்தில், மண்வெட்டியைத் தொடுமுன் கண்ணிவெடி அகற்றுவோரின் அனுமதிக்காகக் காத்திருந்தோம்.

ஆனாலும் அந்தக் குழியும் கொடியும் என் மனதை விட்டுப் போகவில்லை. மலைச்சரிவு முழுவதையும் யாரும் ஒரே நாளில் திருத்தவில்லை. ஒருவர் ஒரு குழி தோண்டினார், ஒரு கொடி நட்டார், காற்றுப் பக்கம் ஒரு சுவர் வைத்தார். பிறகு அடுத்த குழி. கொடிக்கு மண் எவ்வளவு தேவையோ, மறைப்புச் சுவரும் அவ்வளவு தேவை. கணவனில்லாமல், காணாமற்போன பிள்ளையைத் தேடிக்கொண்டே வீட்டையும் நடத்தும் பெண்ணுக்கும் அப்படித்தான். அவளைத் தனியே நட்டுவிட்டு, "வளரவில்லையே" என்று கேட்கக் கூடாது. அயலவரும், சங்கமும், அரசும் காற்றை மறிக்க வேண்டும்.

இம்மாதம் உங்களிடம் ஒரு கேள்வி. திரும்பி வந்த வளவில் நீங்கள் முதன்முதலில் நட்டது என்ன? முருங்கையா, வாழையா, ஒரு செவ்வரத்தம் தடியா? அது பிழைத்ததா? எழுதி அனுப்புங்கள். வரும் கடிதங்களை அடுத்த மாதம் இதே பக்கத்தில் சேர்ந்து வாசிப்போம்.