அப்பா நம்பரை இ-சிம்மா மாத்தாதீங்க

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வர்ற பிள்ளைங்க ஆளுக்கொரு வேலை செஞ்சு வச்சுட்டுப் போறாங்க. ஒருத்தர் வாசல்ல கேமரா மாட்டுறார், இன்னொருத்தர் டிவியில யூடியூப் வர வைக்கிறார். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்ப கொஞ்ச நாளா புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. தான் வச்சிருந்த விலை கூடின பழைய போனை அப்பாவுக்குக் கொடுக்குறாங்க. "இந்த சிம் கார்டெல்லாம் எதுக்குப்பா, இ-சிம்மா மாத்தி விடுறேன்"னு உட்கார்ந்த இடத்துலயே மாத்திடுறாங்க. பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு ராத்திரி பஸ் ஏறிடுறாங்க.

இதைச் செய்யாதீங்க. பாசத்துல செய்றீங்கன்னு தெரியும். இருந்தாலும் செய்யாதீங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. நான் புதுசு எதுவும் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லை. என் மோட்டார் கொட்டகையில மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கு. வீட்டுத் திண்ணையிலிருந்து போன் போட்டா மோட்டார் ஓடும், மறுபடி போட்டா நிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தா பாம்புக்குப் பயந்துகிட்டு வரப்புல நடக்க வேண்டியதில்லை. அந்த ஸ்டார்ட்டருக்குள்ளயும் ஒரு சிம் இருக்கு. அதனால சிம் பத்திப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

சிம் கார்டு முதன்முதலா பின்லாந்துல 1991-ல வந்தப்ப ஏடிஎம் கார்டு அளவுக்கு இருந்துச்சு. அப்புறம் மினி, மைக்ரோ, நானோன்னு தேஞ்சு தேஞ்சு இப்ப சுண்டுவிரல் நகத்தளவு ஆயிடுச்சு. அளவு மாறினாலும் அதோட குணம் மாறலை. கழட்டலாம், இன்னொரு போன்ல போடலாம், யாரையும் கேட்க வேண்டாம். இ-சிம்ல இந்தக் குணம்தான் போயிடுச்சு. போனுக்குள்ள போர்டுலயே ஒரு சிப்பை வச்சு ஒட்டிடுறாங்க. ஸ்டார் ஹேஷ் ஜீரோ சிக்ஸ் ஹேஷ் அடிச்சா 15 இலக்க ஐஎம்இஐ நம்பரோட 32 இலக்கத்துல இஐடின்னு ஒரு நம்பர் வரும். அது அந்த சிப்போட நம்பர். கம்பெனிக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, ஒப்புதல் கொடுத்து, அவங்க மின்னஞ்சல்ல அனுப்புற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா நம்ம நம்பர் இணையம் வழியா அந்த சிப்புல வந்து உட்காரும். ஏறுறது சுலபம்தான். அந்த போன் கெட்டுப் போனா நம்பரை எப்படி வெளியே எடுக்குறதுங்குறதுதான் கேள்வி.

நகரத்துல உங்களுக்கு லேப்டாப் இருக்கு, வீட்ல வைஃபை இருக்கு, ஆபீஸ் மின்னஞ்சல் இருக்கு, கூட ரெண்டாவது நம்பரும் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு. உங்க அப்பாவுக்கு ஒரே ஒரு நம்பர்தான். பேங்க் ஓடிபி அதுக்குத்தான் வரும். பிஎம் கிசான்ல நாலு மாசத்துக்கு ஒருமுறை வர்ற 2,000 ரூபாய்க்கு கேஒய்சி பண்ணணும்னா ஆதார்ல இருக்கிற அந்த நம்பர்தான். சிலிண்டர் கொண்டு வர்றவர் கேட்குற கோடு அதுக்குத்தான் வரும். நெல் போட கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு பண்ணும்போது கொடுத்ததும் அதே நம்பர். மோட்டார் ஸ்டார்ட்டர் கேட்டு நடக்குறதும் அந்த நம்பர் சொல்றதைத்தான். எங்களுக்கு இன்னைக்கு அந்த நம்பர் பட்டா, சிட்டா மாதிரி. அதை எடுத்து ஒரு கண்ணாடி போனுக்குள்ள ஒட்டி வைக்கிறீங்க. அந்த போனும் சேத்துலயும் தண்ணியிலயும் வேலை செய்ற ஒரு ஆளோட மடியிலதான் இருக்கப் போகுது.

எங்க ஊர்ல நடந்ததைச் சொல்றேன். சம்பா நடவு நேரம். ஒரு பெரியவர் வரப்பு அண்டை வெட்டிக்கிட்டு இருக்கும்போது போன் சேத்துல விழுந்து செத்துப் போச்சு. சாதா சிம்மா இருந்திருந்தா வீட்டுக்கு வந்து, துடைச்சு, அந்தம்மா வச்சிருக்கிற கீபேட் போன்ல போட்டிருப்பார். டீ ஆறுறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். ஆனா பையன் இ-சிம்மா மாத்தி வச்சிருந்தார். கீபேட் போன்ல இ-சிம் ஏறாது. பத்தாயிரம் ரூபாய்க்குள்ள விக்கிற டச் போன்லயும் பெரும்பாலும் கிடையாது. பையனுக்கு இவர் போன்லேர்ந்து கூப்பிட வழியில்லை, பக்கத்து வீட்டு போன்லேர்ந்து கூப்பிட்டார். பையன், "மின்னஞ்சல்ல புது க்யூஆர் வாங்கிக்கலாம்ப்பா"ன்னார். மின்னஞ்சலைத் திறக்கப் போனா, "உங்க நம்பருக்கு ஒரு கோடு அனுப்பியிருக்கோம்"னு அது சொல்லுது. அந்த நம்பர்தான் செத்த போனுக்குள்ள கிடக்கே! பூட்டின பெட்டிக்குள்ள சாவியை வச்ச கதை.

சரின்னு டவுனுக்குப் போனார். கடையில ஆதார் கேட்டாங்க. நம்பர் பையன் பேர்ல இருக்கு, பையன் நேர்ல வரணும்னு சொல்லிட்டாங்க. அவங்க மேல தப்பு இல்லை, சட்டம் அப்படி. பையன் பெங்களூர்லேர்ந்து லீவு போட்டு வந்து, பிளாஸ்டிக் சிம்மாவே திருப்பி வாங்கிக் கொடுத்தார். அப்பவும் முடியலை. சிம் மாத்தினா முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க அரசாங்கம் போட்ட விதி அது, நல்ல விதிதான். ஆனா அந்த ஒரு நாளும் ஓடிபி கிடையாது. ஆக நாலு நாள். நாத்து பிடுங்கின ஆளுங்களுக்குக் கூலி கொடுக்க அவர் கைமாத்து வாங்கினார்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சாதா சிம்மை ஒரு போன்லேர்ந்து எடுத்து இன்னொரு போன்ல போட்டா அதுக்குப் பேர் சிம் மாத்துறது இல்லை. சிம் அதேதான், போன்தான் மாறுது. அதனால அந்த 24 மணி நேரத் தடையே வராது. இ-சிம் போன் செத்தா கம்பெனியிடம் போய் புதுசா வாங்கியே ஆகணும். நம்ம கையிலிருந்த ஒரு காரியம் இப்ப இன்னொருத்தர் கவுன்ட்டருக்குப் போயிடுச்சு. என் சண்டையே இதுலதான்.

போன் சாகணும்னுகூட இல்லை. சர்வீஸ் சென்டர்ல போர்டை மாத்தினா சிப்பும் சேர்ந்து போகும், இஐடி நம்பரும் மாறிடும். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது முன்னெல்லாம் சிம்மைக் கழட்டிக்கிட்டு போனைக் கொடுத்துட்டு வருவோம். இப்ப நம்பரையும் சேர்த்துக் கொடுத்துட்டு வர வேண்டியதுதான். தெருமுனை கடைக்காரர் போனை ரீசெட் பண்ணும்போது இ-சிம்மையும் சேர்த்து அழிச்சுட்டார்னா, பழைய க்யூஆரைத் திரும்ப ஸ்கேன் பண்ணா பெரும்பாலும் எடுக்காது. அது ஒரு தடவைக்குத்தான். மறுபடி கம்பெனிதான், மறுபடி வரிசைதான்.

இ-சிம்ல நல்லது இல்லையான்னு கேட்டா, இருக்கு. போனைத் திருடினவன் சிம்மைக் கழட்டி எறிய முடியாது. வெளிநாடு போறவங்க ஏர்போர்ட்ல கடை தேட வேண்டாம், இங்கேயிருந்தே அந்த ஊர் பேக் ஏத்திக்கலாம். ஒரே போன்ல நாலஞ்சு இணைப்பு சேமிச்சு வச்சு வேணுங்கிறதை ஓட்டலாம். ஆபீஸுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு வச்சிருக்கிற உங்களுக்கு அது வசதிதான், வச்சுக்கோங்க. ஆனா எங்க ஊர்ப் பெரியவங்க ஏர்போர்ட்டுக்குப் போறதில்லை, வயலுக்குத்தான் போறாங்க. உங்க வசதிக்குச் செஞ்ச சட்டையை அவங்களுக்கு மாட்டிவிட்டு நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க.

திருடன் சிம்மைக் கழட்ட முடியாதுன்னா திருடனும் வேற வழி கண்டுபிடிச்சுட்டான். கம்பெனியிலிருந்து பேசுறோம், உங்க சிம்மை 5ஜிக்கு மாத்தணும், இ-சிம் ஆக்கணும்னு பேசுவான். ஒரு மெசேஜ் வரும், அதுக்கு ஒண்ணுன்னு பதில் போடுங்கன்னு சொல்லுவான். போட்டா நம்ம போன்ல சிக்னல் போயிடும். நம்ம நம்பர் அவன் போன்ல இ-சிம்மா ஏறிடும். அப்புறம் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான். முன்னே போலி சிம் வாங்க அவன் ஒரு கடைக்காவது போக வேண்டியிருந்துச்சு. இப்ப உட்கார்ந்த இடத்திலிருந்தே முடியுது.

இப்ப போன் செய்றவங்ககிட்ட வர்றேன். அமெரிக்காவுல 2022-லேயே ஐபோன் 14-ல சிம் போடுற இடத்தை எடுத்துட்டாங்க. 2025-ல வந்த ஐபோன் ஏர், இந்தியாவுல விக்கிறது உட்பட, இ-சிம் மட்டும்தான். போன் மெலிசா வேணும், உள்ளே இடம் மிச்சமாகணும்னு காரணம் சொல்றாங்க. அதே கம்பெனி 2018-ல சீனாவுக்குன்னு தனியா ரெண்டு பிளாஸ்டிக் சிம் போடுற ஐபோன் செஞ்சு வித்துச்சு. அப்ப மட்டும் இடம் எங்கேயிருந்து வந்துச்சு? மனசு இருந்தா இடமும் இருக்கும்.

இன்னைக்கு லட்ச ரூபாய் போன்லதானே இந்தப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. காதுல மாட்டுற ஒயருக்கான ஓட்டையை முதல்ல விலை கூடின போன்லதான் எடுத்தாங்க. அப்புறம் நடுத்தர விலை போன்ல இருந்தும் போயிடுச்சு. சிம் இடமும் அப்படிப் போறதுக்கு முன்னாடி அரசாங்கம் ஒரு வார்த்தை சொல்லணும். ஐரோப்பாவுல 2024 டிசம்பர்லேர்ந்து புதுசா விக்கிற போனுக்கெல்லாம் சி டைப் சார்ஜர் ஓட்டைதான்னு சட்டம் போட்டாங்க, எல்லாக் கம்பெனியும் கேட்டுக்கிச்சு. இந்தியாவுல விக்கிற ஒவ்வொரு போன்லயும் கழட்டுற சிம்முக்கு ஒரு இடமாவது இருக்கணும்னு நம்ம அரசாங்கமும் சொல்லலாம். ஓடிபி இல்லாம மானியம் இல்லைன்னு சொல்ற அரசாங்கம், அந்த ஓடிபி வர்ற வழியையும் காப்பாத்தித் தரணும்ல?

அதுவரைக்கும் நீங்க செய்யக் கூடியது சிலது இருக்கு.

அப்பாவோட ஆதார், பேங்க் நம்பர் பிளாஸ்டிக் சிம்லயே இருக்கட்டும். அந்த போன்ல இ-சிம் வசதி இருந்தா ரெண்டாவதா ஒரு நம்பரை வேணா அதுல ஏத்துங்க. நம்பர் உங்க பேர்ல இருந்தா கடைக்குக் கூட்டிட்டுப் போய் அவர் பேருக்கு மாத்திக் கொடுங்க. இது எல்லாத்தையும் விட முக்கியம்.

ஏற்கெனவே மாத்திட்டீங்கன்னா, திரும்ப பிளாஸ்டிக் சிம் வாங்கலாம், கம்பெனிக் கடையில கொடுப்பாங்க. நீங்க ஊர்ல ஒரு நாள் கூடுதலா இருக்கும்போது செய்யுங்க, அந்த 24 மணி நேரம் அவர் தனியா திண்டாட வேண்டாம். மாத்த மனசில்லைன்னா, க்யூஆர் வர்ற மின்னஞ்சலை வேற ஒரு நம்பர் வச்சும் திறக்குற மாதிரி பண்ணி வைங்க. இ-சிம்மை அணைக்கிறது வேற, அழிக்கிறது வேறன்னு செட்டிங்ஸ்ல காட்டிச் சொல்லிக் கொடுங்க. அழிக்கிற பொத்தானை எவன் அமுக்கச் சொன்னாலும் அமுக்கக் கூடாது.

சிக்னல் திடீர்னு போய், பக்கத்து வீட்ல அதே கம்பெனி சிக்னல் இருந்தா, உடனே வேற போன்லேர்ந்து கம்பெனிக்கும் பேங்குக்கும் சொல்லணும். பணம் போயிருந்தா 1930. இந்த நாலு இலக்கத்தைக் காலண்டர் அட்டையில பெரிய எழுத்துல எழுதி மாட்டி வச்சுட்டு வாங்க.

அப்புறம், பழைய கீபேட் போன் ஒண்ணு வீட்ல சார்ஜோட இருக்கட்டும். அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடாதீங்க.