ஒரு கரண்டி எண்ணெய்

மேடு பள்ளமான தெருவிலே கார் செல்லும்போது, அதில் அமர்ந்திருப்போரின் முதுகெலும்பை அதிர்ச்சி எட்டாமல் காப்பது எது என்று வினவினால், "ஸ்பிரிங்" என்று சிறுவரும் விடையிறுப்பர். விடை சரியே; ஆயினும் பாதி விடை. ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடும்பொழுது சில்லு தன் நிலை பிறழாது நிற்றல் வேண்டும். ஸ்டியரிங் சொல்லும் திசைக்குத் தானும் திரும்புதல் வேண்டும். இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்விக்கும் கரங்கள், மூட்டுக்கள், றப்பர்ப் புஷ்கள் ஆகியவற்றின் தொகுதியைத் தாங்கமைப்பு எனலாம்; கராஜ்களில் சஸ்பென்ஷன் என்பர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் தேய்ந்துபோன இவ்வுறுப்புக்களை வீட்டு முற்றத்திலேயே மாற்றும் வேலையை இவ்வாரம் நோக்குவோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கார் ட்ரயம்ப் ஸ்பிட்பயர். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரின் கான்லி ஆலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பெற்ற, இருவர் அமரும் சிறிய திறந்த கார் இது. இதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கலொட்டி என்னும் இத்தாலியர். 3 இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. மேனி புதிதாயினும், கீழேயுள்ள பொறிகளுட் பல 1959இல் வந்த ட்ரயம்ப் ஹெரல்ட் என்னும் குடும்பக் காரிலிருந்து எடுக்கப்பட்டவையே. அந்த ஹெரல்ட் தமிழருக்கு அந்நியமானதன்று. 1961 தொடக்கம் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரல்ட் என்ற பெயருடன் உற்பத்தியான கார் அதுவே. ஆகவே ஸ்பிட்பயரின் முன்சில்லைப் பற்றிப் பேசுவது, தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடிய ஒரு காரின் முன்சில்லைப் பற்றிப் பேசுவதும் ஆகும்.

வீட்டில் வேலை செய்வோர்க்கு இக்கார் ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்லலாம். முன் மட்காட்டுகள் இரண்டும் பொனற்றோடு ஒன்றாகச் சேர்ந்து, மூக்குப் பக்கத்துக் கீலில் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். சாய்த்ததும் எஞ்சினும் முன்சில்லுகளும் அவற்றின் கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். சில்லின் மேலேயே அமர்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்ப்போரும் உண்டு. இக்காலத்துக் கார்களில் ஒரு மின்குமிழை மாற்றுவதற்கே கைவிரல் நோகிறது.

இவ்வேலை இன்று முன்னிலும் முக்கியமாகியிருப்பதற்கு ஒரு சட்டமும் காரணம். பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல், 40 ஆண்டுக்கு மேற்பட்டனவும் பெருமாற்றம் செய்யப்படாதனவுமான கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிப் பரிசோதனை கட்டாயமில்லை. ஸ்பிட்பயர்கள் யாவும் அவ்வயதைக் கடந்துவிட்டன. காரைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமை உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. ஆண்டுக்கொரு முறை காரின் அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்த அயலாரின் கண் மட்டும் நீங்கிவிட்டது. விரும்பினோர் இப்போதும் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லலாம். கொண்டுசெல்வதே நன்று என்பது என் கருத்து.

தேய்மானம் மெல்ல மெல்ல வருவது. நாள்தோறும் ஓட்டுபவருக்கு அது புலப்படுவதில்லை. நெடுநாளைக்குப் பின் அக்காரில் ஏறும் நண்பரே முதலிற் கண்டுபிடிப்பார். நேரான தெருவிலும் கார் சற்றே அலைந்து செல்லும். சிறு குழியில் இறங்கும்போது "டொக்" என்றோர் ஒலி எழும். ரயரின் ஓர் ஓரம் மட்டும் தேயும். இவற்றைக் கண்டால், முன்பாகத்தை உயர்த்தி, சில்லின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளும் புறமும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். அசைவு இருப்பின் வீட்டிலுள்ள ஒருவரை உள்ளே அமர்த்திப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். அசைவு மறைந்துவிடுமாயின் குற்றம் சில்லுக்குடத்தின் பெயரிங்கில் உள்ளது. மறையாவிடின் அதற்கு அப்பாலுள்ள மூட்டுக்களில் உள்ளது. காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமல், கண்டதையெல்லாம் வாங்கி மாற்றுவோர் பலர்.

கழற்றத் தொடங்குமுன் இரண்டு எச்சரிக்கைகள் உள. ஜக் என்பது காரைத் தூக்குவதற்கே உரியது. தூக்கிய காரைத் தாங்குவதற்கு உரியதன்று. அடிச்சட்டத்தின் கீழே உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து, கார் அவற்றின்மேல் அமர்ந்தபின்னரே கீழே கை நீட்டலாம். செங்கல்லை அடுக்கி வேலை செய்யும் வழக்கம் எந்நாட்டில் இருந்தாலும் அது உயிரோடு விளையாடுவதாகும்.

மற்றையது சுருள் ஸ்பிரிங் பற்றியது. இக்காரில் ஸ்பிரிங்கும் அதனுள்ளே செல்லும் சொக் அப்சோபரும் ஒரே தொகுதியாக உள்ளன. மேலே, கூரையைச் சுற்றி மூன்று சிறிய நட்டுக்கள்; நடுவில் ஒரு நட்டு. சுற்றிலுமுள்ள மூன்றையும், கீழேயுள்ள ஒரு போல்ட்டையும் கழற்றினால் தொகுதி முழுவதும் சாதுவாகக் கையோடு வரும். நடுவிலுள்ள நட்டைக் கழற்றினாலோ, அமுங்கிய நிலையில் கட்டுண்டு கிடக்கும் ஸ்பிரிங் அத்தனை வலிமையுடனும் ஒரே கணத்தில் விரிந்து பாயும். முகத்தையும் கையையும் சிதைக்க அது போதும். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாதவர், அத்தொகுதியைப் பிரிக்கும் வேலையை மட்டும் ஒரு கராஜில் கொடுத்துச் செய்விப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

பிரேக் கலிப்பரைக் கழற்றியபின் அதனைக் குழாயில் தொங்கவிடாது கம்பியால் மேலே கட்டிவைக்க வேண்டும். கீழ்க்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்குகளின் பின்னே மெல்லிய உலோகத் தகடுகள் சில இருக்கும். சில்லின் சாய்வு அவற்றின் எண்ணிக்கையால் அமைந்தது. எந்தப் பக்கத்தில், எந்தத் தாங்கின் பின்னே எத்தனை இருந்தன என்று குறித்துக்கொள்ளாதவர் பின்னர் வருந்துவர்.

கவைபோன்ற கரங்கள் சட்டத்தோடு சேரும் இடங்களில், பக்கத்துக்கு நான்காக எட்டு றப்பர்ப் புஷ்கள் உள்ளன. எண்ணெய் பட்டும் வெயிலிற் காய்ந்தும் அவை வெடித்திருக்கும். கேகாலையிலும் களுத்துறையிலும் பால் வெட்டிப் பெறும் அதே இயற்கை றப்பர், பல்லாயிரம் முறை முறுகியும் பழைய நிலைக்கு மீளும் தன்மையால் இத்தொழிலுக்கு மிகப் பொருத்தமானது. அதற்குப் பதிலாகப் பொலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான புஷ்களும் விற்பனையாகின்றன. அவை நெடுநாள் உழைக்கும், எண்ணெய்க்கு அஞ்சா. ஆனால் கடினமானவை, தெருவின் அதிர்ச்சியை மிகுதியாக உள்ளே விடும், உரிய மசகு இடாவிட்டால் எலிபோலக் கீச்சிடும். பந்தயத்துக்குச் செல்லாத காருக்கு நல்ல றப்பரே போதும். பழைய புஷ்ஷை வைஸில் வைத்து அழுத்தித் தள்ளிவிட்டுப் புதியதைச் சவர்க்கார நீரில் தோய்த்துச் செலுத்தினால் எளிதில் ஏறும்.

பெரும்பாலானோர் இவ்வளவோடு நிறுத்திவிடுவர். வெடித்த றப்பர் கண்ணுக்குத் தெரிகிறது, மாற்றியதும் ஒலி நிற்கிறது, மனமும் நிறைகிறது. ஆனால் இக்காரில் உயிராபத்தை விளைக்கக்கூடிய உறுப்பு வேறு. அது கூட்டுக்குள் ஒளிந்திருப்பது. முறியும் நாள்வரை பெரும்பாலும் ஓசை எழுப்பாதது.

கீழ்க்கரத்தின் நுனியில் ஒரு வெண்கலக் கூடு இருக்கிறது. ட்ரனியன் என்பது அதன் பெயர். சில்லைத் தாங்கும் உருக்குத் தண்டின் அடிமுனை, திருகாணிபோலப் புரி வெட்டப்பட்டு அக்கூட்டினுள் இறங்கியிருக்கும். ஒரு பக்கத்தில் வலம்புரி, மறு பக்கத்தில் இடம்புரி. ஆதலின் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிப் பூட்ட இயலாது. ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் தண்டு ஒரு சுற்றின் ஒரு பகுதியளவு திரும்பிச் சற்றே ஏறும் அல்லது இறங்கும். போத்தல் மூடியை முற்றாக இறுக்காமல் இங்கும் அங்கும் திருகுவதைப் போன்றது அச்செயல். ஸ்பிரிங் கீழ்க்கரத்தின் மேலே அமர்ந்திருப்பதால், காரின் அந்த மூலையின் பாரம் இப்புரிகளின் வழியாகவே சில்லுக்குச் செல்கிறது. ஹெரல்ட் ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் திரும்பவல்லது என்று புகழ்பெற்றது. அத்துணை கூர்மையாகத் திரும்பும் சில்லுகளின் உழைப்பெல்லாம் இக்கூட்டினுள் நடப்பதே.

இங்கே ஊற்ற வேண்டியது எண்ணெய், கிறீஸ் அன்று. 90 எண் கியர் எண்ணெயை 6000 மைலுக்கு ஒருமுறை செலுத்துமாறு கைந்நூல் கூறியது. கூட்டிலுள்ள சிறு அடைப்பைக் கழற்றி, அவ்விடத்தில் நிப்பிள் ஒன்றைப் பூட்டி, எண்ணெய் நிரப்பிய துப்பாக்கியால் அழுத்தினால், புரிகளினூடே ஏறி மேல்வாயில் எண்ணெய் கசியும். அப்போதுதான் வேலை முடிந்தது. செல்லும் அளவு ஒரு கரண்டிக்கு மேற்படாது. வெண்கலத்தை அரிக்காத ஜீ.எல். 4 வகை எண்ணெய் சிறந்தது.

இதைப் பற்றி உரிமையாளர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கிறீஸ் வடிந்துபோவதில்லை, நீரையும் தடுக்கும், ஆகவே அதுவே மேல் என்பர் ஒரு சாரார். நிப்பிளைக் கண்டதும் கிறீஸ் துப்பாக்கியை எடுப்பது மெக்கானிக்கின் இயல்பும் ஆகும். ஆயின் காலம் செல்லச் செல்ல கிறீஸ் காய்ந்து புரிகளிடையே மெழுகுபோல உறைந்துவிடும். புதிதாக அழுத்துவதும் உள்ளே செல்லாது. மேல்வாயின் அருகே புரி வறண்டுபோக, மழைநீர் அங்கே தங்கும், உருக்குத் துருவேறும். புரியின் அடிப்பள்ளம் இயல்பாகவே தண்டின் மெலிந்த இடம். அதில் துரு ஒரு குழியை அரித்துவிட்டால், அங்கிருந்து மயிரளவு வெடிப்புத் தோன்றி ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிது சிறிதாக உள்ளே நகரும். அப்படி முறிந்த தண்டொன்றின் முகத்தைப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் எழுதிவைத்தாற்போலத் தெரியும்: ஒரு பகுதி நெடுநாளாய்த் துருப்பிடித்துக் கறுத்திருக்கும், எஞ்சிய பகுதி அன்றைக்கு முறிந்தமையாற் பளபளக்கும். முறிந்ததும் சில்லு மட்காட்டின் கீழே மடிந்துவிடும். தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது முறிந்தால் தப்பிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் முறிந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்காலத்து மாட்டுவண்டிக்காரர் இந்த வாதத்தைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பர். அச்சுக்கு மசகிடாமல் அவர் நெடும்பயணம் புறப்பட்டதில்லை.

ஆகவே புஷ் மாற்றுவதற்காகக் கரங்களைக் கழற்றியிருக்கும் அந்த ஒரு நாளிலே, தண்டையும் கூட்டிலிருந்து திருகி வெளியே எடுத்துவிடுதல் வேண்டும். இது எப்போதும் எளிதன்று. கூட்டைக் கரத்தோடு பிணைக்கும் போல்ட் தன் உருக்குக் குழலோடு துருவால் ஒன்றாகிக் கிடக்கும். சுத்தியலுக்கு அசையாவிடின், இரும்பறுக்கும் வாளால் இரு புறமும் அறுத்து எடுப்பதே வழி. அரைநாள் அதிலேயே போய்விடலாம். புதிய போல்ட்டும் நைலோன் புஷ்களும் நீர்காக்கும் வளையங்களும் விலை பெறாதவை. உள்ளங்கையளவான ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

எடுத்த தண்டை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, கூட்டின் வாயருகே நின்ற புரிகளை நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியால் நோக்க வேண்டும். துருக்குழிகள் காணப்படின் அத்தண்டு எவ்வளவு விலையானாலும் கழிக்கத்தக்கது. அரத்தால் தேய்த்து மினுக்கி மறுபடி பூட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும். தண்டு நன்றாயிருப்பினும், கூட்டினுள் திருகிப் பக்கவாட்டில் ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால் கூட்டை மாற்ற வேண்டும். உதிரியுறுப்புக்கள் இன்றும் செய்யப்பட்டு விற்பனையாகின்றன. ஒரு பக்கம் பழுதாயிருப்பின் மறுபக்கத்தையும் திறந்து பாராமல் விடலாகாது. இரண்டும் ஒரே மழையில் ஓடியவை.

மீளப் பூட்டும்போது தண்டைக் கூட்டினுள் எண்ணெயிட்டு இறுதிவரை திருகி, பின்னர் ஸ்டியரிங் இரு புறமும் முழுதும் திரும்ப இடமிருக்குமளவுக்கு மட்டும் சற்றே பின்திருகி நிறுத்த வேண்டும். போல்ட்டுக்களுக்குச் செப்புக் கலந்த கிறீஸ் பூசினால் அடுத்த முறை வாள் தேவைப்படாது. பூட்டும் ஊசிகளும் தாமாக இறுகும் நட்டுக்களும் புதியனவாகவே இருக்கட்டும்.

றப்பர்ப் புஷ்களின் போல்ட்டுக்களை, கார் தாங்கிகளின்மேல் நிற்கும்போது முற்றாக இறுக்கலாகாது. அப்போது சில்லுகள் கீழே தொங்கும். அந்நிலையில் இறுக்கினால், கார் நிலத்தில் இறங்கியதும் றப்பர் ஓயாது முறுகிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும். ஆகவே கைவலிமையளவுக்கு மட்டும் இறுக்கி, காரை இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, அது தன் இயல்பான உயரத்தில் அமர்ந்தபின், கைந்நூல் கூறும் முறுக்களவுக்கு இறுக்க வேண்டும். புதிய புஷ்கள் விரைவிற் கெட்டன என்று கடைக்காரரை ஏசுவோர் பலருக்கு இதுவே காரணம்.

முன்சில்லுகளின் நேர்நிலையை முற்றத்தில் நூல் கட்டி ஓரளவு சரிசெய்யலாம்; பின்னர் கருவியுள்ள ஓரிடத்தில் அளந்துகொள்வது நன்று. 50 மைல் ஓடியபின் எல்லா நட்டுக்களையும் ஒருமுறை ஸ்பானரால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் கார் 6000 மைலை எட்டப் பல ஆண்டுகள் செல்லும். அதற்கு மைலைப் பாராது, ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் செலுத்துவதே தகும். எண்ணெய் நிரப்பிய அத்துப்பாக்கியைக் கிறீஸ் துப்பாக்கியின் அருகே வைக்காமல் வேறோர் ஆணியில் தொங்கவிட்டு, "ட்ரனியனுக்கு மட்டும்" என்று அதன்மேல் எழுதி வைத்தல் நலம். நாளைக்கு அவ்வேலையைச் செய்யப்போகிறவர் வீட்டில் வேறொருவராகவும் இருக்கலாம்.