மருந்து கலக்கும் கைக்குச் சாஸ்திரம் ஆகாதா?

சிவகாசிக்கடுத்த தாயில்பட்டியையும் அதைச் சுற்றியுள்ள பட்டாசுக் கிராமங்களையும் பற்றி வெளியூரார் பேசுவது விபத்து நடந்த அன்றைக்குத்தான். இரண்டு நாள் அனுதாபம், மூன்றாம் நாள், “பாவம், அவர்கள் தலையெழுத்து!” இந்தத் தலையெழுத்தை எழுதியது யார் என்பதையே சிறிது யோசிக்க விரும்புகின்றோம்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 40 பேர் வரை மாண்டனர். அவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களல்ல. காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த ஊரார். முதல் வெடிக்குப் பின் எரியாமல் மிஞ்சிய மருந்து என்ன செய்யும், எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் மறுபடியும் 20 பேருக்கு மேல் மடிந்தனர். இது தலையெழுத்தா, அல்லது கற்றுக்கொடுக்காத எழுத்தா?

அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால், யாரும் நெருப்பு வைக்காமலே உள்ளுக்குள் சூடேறும். அம்மோனியா நெடி கிளம்பும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தானே பற்றும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக்கூடாதென்பது இதனால்தான். காரணம் தெரிந்தவன் நெடி மூக்கில் பட்டவுடன் பக்கத்திலிருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறுவான். தெரியாதவனோ, வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கின்ற தைரியத்தில் உள்ளேயே உட்கார்ந்திருப்பான். கந்தகத்துக்கு இராகுகாலமும் தெரியாது, நல்ல நேரமும் தெரியாது. சூடும் உராய்வுந்தான் தெரியும்.

“கூலிக்காரனுக்கு இரசாயனம் எதற்கு? போர்மேன் சொன்னபடி செய்தால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். போதாது என்கின்றோம். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதியானது, எண்ணிக்கைக் கூலியின் அவசரத்தில் முதலில் மறந்துபோவதாகும். மேலும் இந்தத் தொழில் எப்படி வந்தது? சாமி வரம் கொடுத்தா வந்தது? 1922-ல் திருவாளர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததால் வந்தது. படிப்பினால் பிறந்த தொழிலில், பாடுபடுகிறவனுக்கு மட்டும் படிப்பு ஆகாது என்பது என்ன நியாயம்?

நிற்க, சிவகாசியில் 1963 முதல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி நடைபெறுகின்றது. பெண்களுக்கு 1968 முதல் தனிக் கல்லூரி இருக்கின்றது. சந்தோஷமே. ஆனால் காலையில் ஆலைக்குப் போய் மாலையில் திரும்பும் பெண் அந்தப் பட்ட வகுப்பில் எப்படி உட்காருவாள்? இவளைப் போன்றவர்களுக்கு உரியது சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் ஜோலியட் என்னும் ஊரில் இது 1901-லேயே ஆரம்பமாயிற்று. அந்நாட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இத்தகைய கல்லூரிகளில் இரண்டு வருஷம் பௌதிகமும் இரசாயனமும் படித்துவிட்டு, மேற்படிப்புக்குச் சர்வகலாசாலை போகின்றார்கள். நம் நாட்டில் 1995-ல் புதுச்சேரியில் இந்த முறை துவக்கப்பட்டது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென ஒரு திட்டம் வகுத்தது.

ஆகவே, தாயில்பட்டி வட்டாரத்தில் மாலை நேரத்தில், தமிழில், சம்பளமில்லாமல் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கும் சமுதாயக் கல்லூரி ஒன்று வேண்டும். செத்தபின் குடும்பத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சாகாமலிருக்கக் கொடுப்பதில் சர்க்காருக்கும் முதலாளிகளுக்கும் என்ன நஷ்டம்?

தோழர்களே! கும்பாபிஷேகத்துக்கு வீடுவீடாக வசூல் நோட்டுத் தூக்கத் தெரிந்த நமக்கு, ஒரு பள்ளிக்கூடத்துக்காக மனு எழுதத் தெரியாதா? அடுத்த கிராம சபையில் இதையே முதல் தீர்மானமாகக் கேளுங்கள். மருந்தின் குணம் தெரிந்த கையைத் தலையெழுத்து சுலபத்தில் தொடாது.