சமையலுக்கா, தலைக்கா? தேங்காய் எண்ணெய் பாட்டிலின் லேபிளில் இருக்கிறது விடை

நம் வீடுகளில் ஒரே தேங்காய் எண்ணெய்தான் தாளிப்புக்கும் தலைக்கும் போகிறது. வரித்துறைக்கு மட்டும் இது பல ஆண்டுகளாகப் பெரிய சிக்கலாக இருந்தது. 200 மில்லி வரையிலான பாட்டிலில் அடைத்தால் அது கூந்தல் எண்ணெய்தான் என்று 2009-ல் மத்திய கலால் வாரியம் சுற்றறிக்கை விட்டது. பின்னர் 2015-ல் அது திரும்பப் பெறப்பட்டது. சேலம் கலால் ஆணையரகம் தொடர்ந்த வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது. பாட்டில் சிறியது என்பதால் மட்டும் தூய தேங்காய் எண்ணெய் கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது. லேபிளும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம்.

சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவீதம் என்று ஜிஎஸ்டி இருந்ததால்தான் இந்த வழக்குக்கு இவ்வளவு மதிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெய்க்கும் 5 சதவீதமே. வரி ஒன்றாகிவிட்டது, இனி லேபிளைப் பற்றி என்ன கவலை என்று நினைக்க வேண்டாம். கொப்பரையாக விற்காமல் எண்ணெயாக ஆட்டி விற்கும் விவசாயிகளும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இனிதான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

காரணம், வரி ஒன்றானாலும் உரிமம் இரண்டு. சமையலுக்கு என்று விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் போதும். ‘கூந்தல் வளர்ச்சிக்கு’, ‘சருமப் பொலிவுக்கு’ என்று லேபிளில் அச்சிட்டுவிட்டால் அது அழகுசாதனப் பொருள். அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தனி உரிமம் வேண்டும். ‘மாரடைப்பைத் தடுக்கும்’, ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று எழுதினால், எந்த உரிமம் வைத்திருந்தாலும் சட்டம் பாயும். உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் குணம் கற்பிக்க 2018-ம் ஆண்டின் உணவு விளம்பர விதிகள் தடை செய்கின்றன.

சட்டம் ஒருபுறம் இருக்க, அறிவியல் என்ன சொல்கிறது? தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் பாதி லாரிக் அமிலம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் ‘சர்குலேஷன்’ இதழில் வெளியான கட்டுரை, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்றது. நல்ல கொழுப்பும் சுமார் 4 மில்லிகிராம் கூடுகிறது. ஆனால் அதனால் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்ல ஆதாரம் இல்லை. உடல் எடை குறையும் என்ற பிரசாரம் பெரும்பாலும் எம்சிடி எனப்படும் வேறு வகை எண்ணெயை வைத்து நடந்த ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டது. அளவோடு தாளிக்கலாம், இதய நோயாளி மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

தோல், முடி விஷயத்தில் நிலைமை வேறு. பிலிப்பைன்ஸில் லேசானது முதல் மிதமானது வரையிலான கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்த ஆய்வில், கனிம எண்ணெயை விட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்தது. முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிக் குறைப்பதில்லை என்று 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வறண்ட தோலுக்கும் முடிக்கும் நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. வழுக்கையில் முடி முளைக்கும் என்பதற்கு இல்லை. முகப்பரு உள்ளவர்களுக்கு இது துளைகளை அடைத்துத் தொல்லை தரலாம்.

ஆக, விற்கத் தகுந்த உண்மை நம்மிடம் இருக்கிறது. அதற்கு முதல் தேவை தரம். புதுத் தேங்காய்ப் பருப்பில் பாதிக்குப் பக்கம் ஈரம். கொப்பரையில் அது 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும்; அதில் அஃப்ளாடாக்சின் நஞ்சு உருவாகும். இதற்குப் பயந்து உலர்களங்களில் கந்தகப் புகை போடுவதும் உண்டு. குழந்தையின் தோலில் தடவும் எண்ணெய் என்று விற்க நினைப்பவர் அந்தக் கொப்பரையைத் தொடக் கூடாது. சூரிய உலர்த்தியில் காயவைத்தது, அல்லது கொப்பரையே ஆக்காமல் தேங்காய்ப் பாலிலிருந்து பிரித்த வெர்ஜின் எண்ணெய் என்றால்தான் தைரியமாகப் பேச முடியும்.

கலப்படமும் ஒரு சவால். பனை விதைப்பருப்பு எண்ணெயிலும் லாரிக் அமிலம் ஏறக்குறைய இதே அளவு இருப்பதால் மணத்தையும் நிறத்தையும் வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். அயோடின் மதிப்புப் பரிசோதனை காட்டிக் கொடுக்கும்: தேங்காய் எண்ணெயில் அது 10-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும்; பனை விதைப்பருப்பு எண்ணெயில் 14-க்கு மேல். ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் ஒரு மாதிரியைச் சோதித்து அறிக்கை வைத்திருக்கும் குழுவுக்கு அதுவே விளம்பரம்.

2026 பருவத்துக்கு அரவைக் கொப்பரையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 12,027 ரூபாய். 2025-ல் சந்தை விலை ஆதரவு விலையைத் தாண்டி எங்கோ போனது; அது எப்போதும் அப்படியே நிற்காது. விலை இறங்கும் காலத்தில் கை கொடுப்பது வாடிக்கையாளரின் நம்பிக்கைதான். எனவே விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் உறுப்பினர்களின் பாட்டில்களை மேசையில் வைத்து லேபிளை வரிவரியாக வாசித்துப் பாருங்கள். எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த உரிமத்தில், எந்த ஆதாரத்தில் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத வரியை அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள்.