ஆற்றுக்கும் துறைமுகத்துக்கும் நாள்வழிக் கணக்கு வேண்டும்

மாதத்தில் ஒரு நாள் மட்டும் கல்லாவை எண்ணிப் பார்த்துவிட்டு, மீதி நாட்களின் வரவு செலவை ஊகமாக எழுதி வைக்கும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. ஆனால் நகரத்து ஆறுகளின் நீரைச் சோதிக்கும் வழக்கமான முறை இதுதான். மாதம் ஒரு முறை ஒரு குடுவையில் நீரை எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை காத்திருக்கிறார்கள்.

கூவத்தையே எடுத்துக் கொள்வோம். அது சென்னைத் துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே கடலில் சேருகிறது. முகத்துவாரம் மணலால் அடைபடாத நாட்களில், கடல் ஏறும்போது அங்கே எடுத்த குடுவையில் பாதி கடல் நீர் இருக்கும். வடியும்போது எடுத்தால் சாக்கடைதான். இரண்டும் ஒரே நாள், ஒரே இடம். எதை நம்புவது? இரவோடு இரவாகக் கழிவைத் திறந்து விடுபவரோ, பகல் பத்து மணிக்கு வரும் குடுவையில் அகப்படுவதே இல்லை.

நீருக்குள்ளேயே நிறுத்தி வைக்கும் சென்சார் கருவிகள் இக்குறையைத் தீர்க்கும். கரைந்துள்ள ஆக்சிஜன், அமில காரத் தன்மை, உப்பு, கலங்கல், அம்மோனியா ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளந்து அனுப்பிக் கொண்டே இருக்கும். மீன் வளம் நிலைக்க லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. அந்த அளவு எந்த இரவில், எத்தனை மணிக்குச் சரிந்தது என்று தெரிந்துவிட்டால், எந்தப் பக்கம் விசாரிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கிருமிகளை இவை நேராகக் காட்டா. அதற்கு ஆய்வுக்கூடம் தேவைதான்.

இதில் வியாபாரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எண்ணெய் படாத இடத்து மீனுக்கும் அப்போது வாங்குவோர் குறைந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது படகும் வலையும் கறுத்துப் போயின. இத்தகைய நேரத்தில் எந்த நீர் கெட்டது, எது கெடவில்லை என்று அன்றைக்கன்றே சொல்ல ஆதாரம் இல்லாவிட்டால் வதந்திதான் விலையை நிர்ணயிக்கிறது. மீன் மொத்த வியாபாரி, ஐஸ் போடுபவர், கூடைக்காரம்மா, ஓட்டல்காரர் என்று எல்லோர் தலையிலும் அது விடிகிறது.

சந்தைக் கழிவையும் கருவி காட்டிக் கொடுத்துவிடுமே என்று தயங்குவோர் இருக்கலாம். காட்டட்டும். 2014-லேயே பெரும் மாசு உண்டாக்கும் ஆலைகளின் வாசலில் தொடர் கண்காணிப்புக் கருவி வைக்க வாரியம் உத்தரவிட்டது. ஆலைக்கு ஒரு நியாயம், சந்தைக்கு ஒரு நியாயம் என்று நாம் கேட்க முடியாது.

ஆனால் கருவியை வாங்கி, திறப்பு விழா நடத்திவிட்டு மறந்துவிடக் கூடாது. துறைமுக நீரில் சில வாரங்களிலேயே பாசியும் கொட்டலசும் அப்பிக்கொள்ளும். பிறகு அது சொல்வதெல்லாம் பொய்க் கணக்கு. நம் தராசுக்கு முத்திரை கேட்கும் அரசு, இந்தக் கருவியைத் துடைத்துச் சரிபார்த்த தேதியையும் அளவோடு சேர்த்து வெளியிட வேண்டும். காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையிலும் ஏலம் தொடங்கும் முன்பே, தமிழில், எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் போட வேண்டும் என்று சம்பந்தப்பட்ட துறைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.