குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டியா?

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் என்ன கேட்கிறார்?

"எத்தனை கிலோ மீட்டர் ஓடியிருக்கிறது?"

இதுதான் முதல் கேள்வி. பல பேருக்கு இதுவே கடைசிக் கேள்வியும் ஆகிவிடுகிறது. குறைவாக ஓடிய வண்டி என்றால் முகம் மலர்கிறது. அதிகமாக ஓடிய வண்டி என்றால் முகம் சுருங்குகிறது.

இந்தக் கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஐரோப்பாவில் செய்யப்படும் 'ஸ்போர்ட்ஸ்' மோட்டார் சைக்கிளுக்கு இது பெரும்பாலும் தலைகீழ்க் கணக்கு!

பத்து ஆண்டு கொட்டகையில் சும்மா கிடந்த வண்டி ஒன்று. பத்து ஆண்டும் ஓடி, காலா காலத்தில் பழுது பார்க்கப்பட்ட வண்டி ஒன்று. இரண்டில் எது மேல்? ஓடிய வண்டிதான் மேல்.

இது எப்படி? இத்தாலி நாட்டு டுகாட்டி வண்டியை எடுத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

ரேடியோவில் தொடங்கிய கம்பெனி

இத்தாலியில் போலோனா என்பது மிகப் பழைய நகரம். அதன் ஓரத்தில் உள்ள போர்கோ பனிகாலே என்ற இடத்தில் டுகாட்டி தொழிற்சாலை இருக்கிறது.

இந்தக் கம்பெனி 1926-ம் ஆண்டில் தொடங்கியது. அப்போது அது மோட்டார் சைக்கிள் செய்யவில்லை. ரேடியோவுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்தது.

இரண்டாவது உலகப் போர் வந்தது. 1944-ம் ஆண்டில் விமானங்கள் குண்டு வீசின. தொழிற்சாலை நாசமாயிற்று.

போர் முடிந்த பிறகு, சைக்கிளில் மாட்டி ஓட்டும் சின்ன என்ஜின் ஒன்றை டுகாட்டி செய்தது. அதன் பெயர் 'குச்சோலோ'. 'நாய்க்குட்டி' என்று அர்த்தம். அந்த நாய்க்குட்டிதான் பின்னால் புலியாக வளர்ந்தது!

1954-ம் ஆண்டில் பாபியோ தாலியோனி என்ற என்ஜினீயர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர் அமைத்த என்ஜின்கள் பந்தயங்களில் வெற்றி பெற்றன. 1972-ல் இமோலா நகரில் நடந்த 200 மைல் பந்தயத்தில் முதல் இடமும் இரண்டாவது இடமும் டுகாட்டிக்கே கிடைத்தன.

1994-ல் '916' என்ற வண்டி விற்பனைக்கு வந்தது. மாசிமோ தம்புரினி என்பவர் அதன் உருவத்தை வகுத்தார். மணிக்கு 250 கிலோ மீட்டருக்கு மேல் பாயும் வண்டி. உலக 'சூப்பர் பைக்' பட்டத்தையும் பல முறை வென்றது. இத்தனை அழகான மோட்டார் சைக்கிள் உண்டா என்று பலர் வியந்தார்கள்.

அன்று அதைப் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கிய இளைஞர்கள் இன்று நடுத்தர வயதினர். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. பழைய ஆசை மீண்டும் தலை தூக்குகிறது. செகண்ட் ஹாண்ட் வண்டி தேடிப் புறப்படுகிறார்கள்.

ஆசைப்படுவது தப்பு இல்லை. ஆசையோடு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்!

கதவும் ஸ்பிரிங்கும்

என்ஜின் எப்படி ஓடுகிறது? பெட்ரோலும் காற்றும் உள்ளே போக ஒரு கதவு. எரிந்த புகை வெளியே வர ஒரு கதவு. இந்தக் கதவுகளுக்கு 'வால்வு' என்று பெயர்.

சாதாரண என்ஜினில் வால்வை ஓர் உறுப்பு தள்ளித் திறக்கும். மூடும் வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். என்ஜின் மிக வேகமாகச் சுழலும்போது, அந்த நாளில் கிடைத்த ஸ்பிரிங்குகளால் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. கதவு மூடத் தாமதம் ஆயிற்று.

தாலியோனி என்ன செய்தார்? மூடுகிற வேலைக்கும் தனியாக ஒரு கை வைத்தார். ஒரு கை கதவைத் திறக்கும். இன்னொரு கை அதை இழுத்து மூடும். ஸ்பிரிங்கை நம்ப வேண்டியது இல்லை. இந்த முறைக்கு 'டெஸ்மோ' என்று பெயர். வேறு சிலரும் முன்பே இதை முயன்றது உண்டு. ஆனால் இதைத் தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டது டுகாட்டிதான்.

ஆனால் இந்தக் கைகளுக்கும் வால்வுக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனம்தான்! கூடினாலும் கெடுதல். குறைந்தாலும் கெடுதல்.

916 வண்டியில் 8 வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் திறக்க ஒன்று, மூட ஒன்று என இரண்டு இடைவெளிகள். ஆக, 16 இடங்களை அளந்து சரி பார்க்க வேண்டும். சுமார் 10,000 கிலோ மீட்டருக்கு ஒரு முறை இந்த வேலை வரும். இதற்கு நாளும் வேண்டும், தேர்ந்த கையும் வேண்டும். அதற்குத் தகுந்த கூலியும் கொடுக்க வேண்டும்.

கிலோ மீட்டர் அறியாத பெல்ட்

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதுதான் ரப்பர் பெல்ட்.

916 என்ஜினில் வால்வுகளை இயக்குவது பல் வைத்த ரப்பர் பெல்ட். 1979-ல் விற்பனைக்கு வந்த 'பன்டா' என்ற வண்டியிலிருந்து டுகாட்டி இந்த முறையைக் கையாண்டது. (பிற்காலத்து நாலு சிலிண்டர் வண்டிகளில் பெல்ட் இல்லை.)

இந்தப் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? வால்வு திறந்தபடியே நின்றுவிடும். கீழிருந்து வரும் பிஸ்டன் அதில் மோதும். கண் மூடித் திறப்பதற்குள் என்ஜின் பாழ்! ஓடும் வேகத்தில் இது நடந்தால் ஓட்டுகிறவர் கதி என்ன?

ஆகவே இந்த வகைப் பழைய வண்டிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பெல்ட்டை மாற்றுவது வழக்கம்.

இரண்டு ஆண்டில் வண்டி ஓடியது 20,000 கிலோ மீட்டரா, 200 கிலோ மீட்டரா என்ற கேள்வியே இல்லை. ரப்பருக்கு வயதுதான் கணக்கு. சும்மா கிடந்தாலும் அது கிழமாகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பத்து ஆண்டில் 2,000 கிலோ மீட்டர் மட்டும் ஓடிய வண்டியின் சொந்தக்காரர் என்ன நினைத்திருப்பார்? "ஓடாத வண்டிக்கு எதற்குச் செலவு?" என்று நினைத்திருப்பார். பெல்ட்டை மாற்றியே இருக்க மாட்டார்.

மீட்டரில் எண் குறைவு. என்ஜினுக்குள் ஆபத்து அதிகம்!

படுத்துக் கிடந்தால் கெடுதல்

பெல்ட் மட்டுமா? நிற்கிற வண்டியில் ஒவ்வொன்றாகக் கெடுகிறது.

டாங்கில் உள்ள பெட்ரோல் நாளடைவில் கெட்டுப் பிசின் போல் படிகிறது. பாட்டரி செத்துப் போகிறது. போர்க்கில் உள்ள ரப்பர் சீல்கள் காய்ந்து, ஓட்டத் தொடங்கியதும் எண்ணெயைக் கசிய விடுகின்றன.

பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரம் சேர்ந்த எண்ணெய் சூடேறும்போது உள்ளே ஆவி கிளம்பும். அப்போது பிரேக் பிடித்தால் லிவர் இறங்கும், வண்டி நிற்காது!

டயரும் அப்படித்தான். வரிகள் புதிதுபோல் தெரியும். ரப்பர் இறுகிப் போயிருக்கும். இறுகிய டயர் சாலையைப் பிடிக்காது. மழையில் வழுக்கும்.

250 கிலோ மீட்டர் வேகம் போகக்கூடிய வண்டியில் பிரேக்கும் டயரும் கைவிட்டால், இழப்பது பணம் மட்டும் அல்ல.

எதிர்த் தரப்பு சொல்வது என்ன?

"ஓடாத வண்டியில் தேய்மானம் குறைவு அல்லவா?" என்று கேட்கலாம். உண்மைதான். சங்கிலியும் கியரும் ஓட ஓடத்தான் தேயும்.

"குறைவாக ஓடிய வண்டிக்கு விலை அதிகம் கிடைக்கிறதே?" என்றும் கேட்கலாம். அதுவும் உண்மைதான். வண்டியைக் கூடத்தில் நிறுத்தி அழகு பார்க்கிறவர்கள் அந்த விலையைத் தருவார்கள். அவர்களுக்கு அது சரி. சாலையில் ஓட்டப் போகிறவருக்கு அது சரி அல்ல.

நிறைய ஓடிவிட்டால் மட்டும் நல்ல வண்டி ஆகிவிடுமா? ஆகாது. பழுது பார்க்காமலே ஓட்டிய வண்டி எல்லாவற்றிலும் மோசம். ஓடவும் வேண்டும், கவனிக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் நல்ல வண்டி.

காகிதம் பொய் சொல்லாது

கவனித்தார்களா என்று எப்படி அறிவது? இங்கிலாந்தில் இதற்கு நல்ல வழி உண்டு.

அங்கே 3 வயது கடந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் 'எம்.ஓ.டி.' என்ற சோதனை உண்டு. மிகப் பழைய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. சோதனையில் தேறியதா, என்ன குறை கண்டார்கள், அன்று மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதெல்லாம் பதிவாகிறது. வண்டியின் நம்பரைக் கொண்டு யாரும் இதைக் காசில்லாமல் இன்டர்நெட்டில் பார்க்கலாம். மீட்டரைத் திருப்பி வைத்திருந்தால் வெட்ட வெளிச்சம் ஆகிவிடும்! வண்டி எத்தனை ஆண்டு சும்மா கிடந்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஜெர்மனியில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதனை நடக்கிறது. பிரான்சில் மோட்டார் சைக்கிளுக்கு இத்தகைய சோதனை 2024-ல்தான் வந்தது.

அரசாங்கப் பதிவு ஒரு பக்கம். சொந்தக்காரர் சேர்த்து வைத்த பில்கள் மறு பக்கம். பில்களை ஒழுங்காக அடுக்கி வைக்கிறவர் பெரும்பாலும் வண்டியையும் ஒழுங்காக வைத்திருப்பார். "எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன், ரசீது கிடையாது" என்று சொல்லும் ஆளிடம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

மெக்கானிக் அல்லாதவரும் பார்க்கலாம்

முக்கியமான சோதனைகளுக்கு என்ஜினீயர் படிப்பு வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பெல்ட் மாற்றிய பில்லில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தியது என்றால், பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் அச்சாகி இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 0819 என்று இருந்தால், 2019-ம் ஆண்டு 8-வது வாரத்தில் செய்த டயர்.

வண்டியின் உடலில் அடித்துள்ள நம்பரும் காகிதத்தில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் உடனே திரும்பிவிட வேண்டியதுதான்!

சாவியைக் கேளுங்கள். 1990-களின் கடைசியிலும் அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலும் வந்த சில டுகாட்டிகளுக்குச் சிவப்புச் சாவி ஒன்று உண்டு. புதிய சாவியை வண்டிக்குப் பழக்கும் தாய்ச் சாவி அது. அது தொலைந்திருந்தால் பின்னால் வீண் செலவு.

போகும் முன்பே, "நான் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்" என்று சொல்லி வைக்க வேண்டும். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில் பல உண்மைகள் வெளியாகும்.

கிளட்ச் பக்கம் 'கடகட' என்று சத்தம் கேட்டால் உடனே பயப்பட வேண்டாம். 916 போன்ற வண்டிகளில் கிளட்ச் எண்ணெயில் முழுகி இருப்பது இல்லை. அந்தச் சத்தம் அதன் சுபாவம்!

யானைக்குத் தீனி

கடைசியாக, பணம்.

யானையை வாங்குவது ஒரு நாள் செலவு. தீனி போடுவது தினமும் செலவு. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் வண்டியும் ஒரு யானைதான்.

இருக்கிற காசையெல்லாம் விலையாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வண்டியை ஓட்டி வருகிறவர் என்ன செய்வார்? பெல்ட் மாற்றும் நாளைத் தள்ளிப் போடுவார். டயர் மாற்றுவதையும் தள்ளிப் போடுவார். வீட்டில் உள்ளவர்களோ அவர் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே வண்டிக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்க வேண்டும். பெல்ட், டயர், பிரேக் எண்ணெய், பாட்டரி ஆகிய நான்குக்கும் என்ன ஆகும் என்று வாங்கும் முன்பே ஒரு மெக்கானிக்கிடம் விசாரித்து, அந்தத் தொகையை எடுத்து வைக்க வேண்டும். மிச்சத்துக்குள் கிடைக்கிற வண்டிதான் தனக்கு ஏற்ற வண்டி. கிடைக்கவில்லையா? இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம். ஆசை எங்கும் ஓடிவிடாது.

இந்தக் கணக்கை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிப் போடுவது நல்லது. வண்டியைக் கண்டு மயங்காத ஒருவரை உடன் அழைத்துப் போவது அதைவிட நல்லது. மனைவி ஆனாலும் சரி, அண்ணன் ஆனாலும் சரி. பில்லின் தேதியையும் டயரின் எண்ணையும் அவர்கள் கண் தவற விடாது.

மீட்டரில் உள்ள எண், வண்டி எவ்வளவு தூரம் போயிற்று என்பதை மட்டுமே சொல்லும். அதை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைப் பில்கள்தான் சொல்லும். "எத்தனை கிலோ மீட்டர் ஓடியது?" என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும்.

"பெல்ட் மாற்றியது என்றைக்கு? பில்லைக் காட்டுங்கள்!" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.