10,000 பேரை வீழ்த்தினால் 50 புள்ளி

எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்காக 2006இல் வந்த 'கியர்ஸ் ஆஃப் வார்' வீடியோ விளையாட்டில் 'சீரியஸ்லி' என்றொரு சாதனைப் பட்டம். இணையம் வழி நடக்கும் தரவரிசைப் போட்டிகளில் 10,000 பேரைக் கொல்ல வேண்டும். கிடைப்பது 50 புள்ளிகள். அவற்றைக் கொண்டு ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. ஆட்டக்காரரின் கணக்கில் எண் ஏறும், அவ்வளவுதான்.

ஆட்டம் பிடித்துப்போய் மாதக்கணக்கில் ஆடியவர்களுக்கு நஷ்டமில்லை. எண்ணிக்கை தானாகவே சேர்ந்தது. பட்டத்துக்காகவே இறங்கியவர்களில் சிலர் குறுக்குவழி கண்டார்கள். பேசிவைத்துக்கொண்டு, மாறி மாறி நின்ற இடத்திலேயே சாவது! எதிரி ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. (சம்பளமில்லாத ஓவர்டைம்.) பட்டமே இல்லையென்றாலும் இன்றிரவு ஆடத் தோன்றுமா? தோன்றாதவர்கள் கருவியை அணைத்துவிடலாம். ஆனால் 9,000 தாண்டியவரை எழுப்புவது கஷ்டம்.

2008இல் இரண்டாம் பாகம் வந்தது. இலக்கு 1,00,000.